கேட்காமல் எடுக்காதவரின் மனைவி

வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கப் போனால் எல்லோரும் விலையைத்தான் கேட்பார்கள். எங்கள் வீட்டுப் பின்னறைகளில் குடியிருந்த அக்கா விலையைக் கேட்கமாட்டார். செவுளைத் தூக்கிப் பார்க்கவும் மாட்டார். மீன்காரனுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, உடைந்த சிங்களத்தில், தம்பி முறை சொல்லி, "மல்லி, இதை நீ இண்டைக்கு உன்ர வீட்டுக்குக் கொண்டுபோவியோ?" என்று கேட்பார். அவன் கொஞ்சம் தயங்கினால் அக்கா அடுத்தவனிடம் போய்விடுவார். தயங்காமல் ஓம் என்றவனிடம் மட்டும் வாங்குவார். நாளடைவில் ஒரு மீன்காரன், அவர் வருவதைக் கண்டதுமே தட்டின் ஒரு பக்கத்தைச் சாக்கால் மூடிவிட்டு, இந்தப் பக்கத்தை மட்டும் கேளுங்கோ என்று சொல்லப் பழகிக்கொண்டான்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் ஒழுங்கையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. இடியப்ப அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒழுங்கை முனையில் ஒரு பெரிய வீட்டில் கலியாணம் முடிக்காத யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் சேர்ந்து குடியிருந்தார்கள். அவர்களுக்குக் காலையும் மாலையும் இடியப்பமும் சொதியும் சம்பலும் செய்து கொடுப்பதுதான் அக்காவின் பிழைப்பு. நெடுத்த உடம்பு. வெறும் நெற்றி. ஆனால் வெள்ளைச் சேலை கட்டியதில்லை. அதைப் பற்றி ஒருத்தி இழுத்துக் கதைத்தபோது, "வெள்ளையை உடுத்துக்கொண்டு அடுப்பு ஊதினா, நீர் வந்து தோய்ச்சுத் தருவீரோ?" என்று கேட்டார். கோபமாக இல்லை. உண்மையாகவே பதிலை எதிர்பார்க்கிறவர் போலத்தான் கேட்டார். அவர் கேட்கிற எல்லாமே அப்படித்தான் இருக்கும். அதனால்தான் யாராலும் அவருக்குப் பதில் சொல்லாமல் நழுவ முடியாமல் போனது.

இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில்தான் அவர் எங்களிடம் வந்தார். நான் கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்த புதிது. என் கணவருக்குக் கோட்டையில் ஒரு கந்தோரில் வேலை. குண்டு விழுமென்ற பயத்தில் பாதி வெள்ளவத்தை ஊருக்கு ஓடியிருந்ததால் பெரிய வீடொன்று மலிவாய்க் கிடைத்தது. பின்னறைகள் இரண்டையும் வாடகைக்கு விடுவோம் என்று நினைத்தோம். வந்தவரிடம் நாங்கள் விசாரிக்க வேண்டியவற்றை என் கணவர் மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்க, அக்கா முந்திவிட்டார்.

"தம்பி, நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிக்கிறனீங்களோ?"

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு, இடைக்கிடை என்றார்.

"சத்தம் போட்டோ, கதைக்காமல் இருந்தோ?"

கதைக்காமல்தான் என்று நான் சொன்னேன். அப்படியென்றால் பரவாயில்லை, சுவர் மெல்லிசு, எனக்கு விடிய எழும்பவேணும் என்று சொல்லிப் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். அவர் கணவர் பட்டாளத்தில் லொறி ஓட்டியவர் என்பதும், சூரன்போர் அன்று லொறி மதகில் புரண்டு செத்துப்போனார் என்பதும், பட்டாளத்து விதவைப் பென்சனுக்கு எழுதிப் போட்டிருக்கிறார் என்பதும் எங்களுக்கு அதற்குப் பிறகுதான் தெரியவந்தன.

அவருடைய கேள்விகள் எல்லோருக்கும் பிடித்திருந்தன என்று சொன்னால் பொய். பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கப் போன இடத்தில், மாப்பிள்ளையிடமே, "குடிக்கிறனீரோ தம்பி?" என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் சால்வையை உதறிக்கொண்டு எழுந்தார். பெண்ணின் தாய் அக்காவோடு பல மாதம் கதைக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை பதில் சொல்லியிருந்தார்: கந்தோர் விருந்தென்றால் கொஞ்சம். அந்தப் பதிலுக்காகவே அந்தப் பெண் அவரைக் கட்டச் சம்மதித்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கும் ஒரு கேள்வி கேட்டார். என் முதற்பிள்ளை பிறந்து சில நாளில் போய்விட்டது. ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். அரிசிக் கூப்பனைப் பற்றிக் கதைத்தார்கள், சீனித் தட்டுப்பாட்டைக் கதைத்தார்கள், பிள்ளையைத் தவிர எல்லாவற்றையும் கதைத்தார்கள். என்னை நோகப்பண்ணக் கூடாதென்ற நல்ல எண்ணம்தான். எல்லோரும் போனபின் அக்கா வந்து கட்டிலோரத்தில் இருந்தார்.

"பிள்ளைக்கு என்ன பேர் யோசிச்சு வைச்சிருந்தனீர்?"

என் கணவரிடம்கூட நான் சொல்லாத பெயர் அது. சொன்னேன். அக்கா அதை மெதுவாக ஒருமுறை தன் வாயால் சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

பட்டாளத்திலிருந்து பதில் வந்தது சண்டை முடிந்த பிறகு. ஆங்கிலக் கடிதம். நான் யாழ்ப்பாணத்தில் பெண்கள் கல்லூரியில் படித்தவள் என்பதால் என்னிடம்தான் வாசிக்கத் தந்தார். கடிதத்தில் இருந்தது இதுதான். அவருடைய கணவர் அனுமதியில்லாமல் பட்டாள லொறியை முகாமுக்கு வெளியே கொண்டுபோன நேரத்தில் விபத்தில் இறந்தார். அது கடமை நேரத்து மரணம் அல்ல. ஆகவே விதவைக்குப் பென்சன் கிடையாது.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொல்லி முடித்தேன். அக்கா பிழிந்துகொண்டிருந்த இடியப்ப உரலைக் கீழே வைத்தார்.

"கேக்காமல் எடுத்தவர் எண்டோ எழுதியிருக்கு?"

ஓம் என்றேன்.

"அது பிழை. அந்த மனிசன் வீட்டிலை சீனிப் போத்திலைத் திறக்கவும் என்னட்டைக் கேக்கிறவர்."

பென்சன் இல்லை என்ற வரியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உரலைத் திரும்ப எடுத்து மிச்ச மாவையும் பிழிந்தார்.

எல்லோரும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். வழக்குப் பேசுகிற பெரிய புரொக்டர் ஒருவரைப் பிடிக்கச் சொன்னார்கள். அரசாங்க சபையிலிருக்கும் ஒருவருக்கு ஆள் மூலம் சொல்லச் சொன்னார்கள். என் கணவர் நல்ல ஆங்கிலத்தில் உருக்கமான மனு ஒன்று எழுதித் தருவதாகச் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மனு எழுதுகிறது இரக்கம் கேட்கிறதுக்கு, எனக்கு இரக்கம் வேண்டாம், நடந்தது என்னவென்று தெரியவேணும் என்றார். பிறகு எங்கள் எல்லோரையும் விட எளிமையாக யோசித்தார்.

"தம்பி, லொறி பறந்தோ போனது? கேற்றாலைதானே போயிருக்கும். அப்ப கேற்றைத் திறந்தவன் ஒருத்தன் இருப்பான்."

முதலில் கோட்டையிலிருந்த பட்டாளத்துக் கந்தோருக்குப் போனார். நானும் கூடப் போனேன். கடிதத்தைக் காட்டி, இதை யார் எழுதினது, அவருக்கு யார் சொன்னது என்று மேசை மேசையாகக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவரிடம் கூட்டிப்போகச் சொன்னார். அப்படியே படியேறிப் படியேறி, கடைசியில் ஒரு வெள்ளைக்காரரின் அறைவாசல் வரை போய்விட்டோம். அவர் எரிச்சலோடுதான் வெளியே வந்தார். ஆனால் கேட்ட கேள்விக்குத் தன்னிடமும் பதில் இல்லை என்று கண்டபோது, அப்பீல் கேட்கும் சபையில் விசாரிக்க ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். சாட்சி இருந்தால் கூட்டிவரச் சொன்னார்.

முகாம் கொழும்புக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டி வெளியாக்கிய இடம். நாங்கள் போனபோது பாதிக் கொட்டில்கள் கழற்றப்பட்டிருந்தன. காவலுக்கு நின்றவன் எங்களைத் துரத்தினான். அக்கா கோபப்படாமல் எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போய், பிளேன்ரீ இரண்டு வாங்கிவிட்டு, கடைக்காரியிடம், முந்தி கேற்றில் நின்றவர்களில் உனக்குக் கடன் வைக்காதவன் யார் என்று கேட்டார். கடைக்காரி சிரித்துவிட்டாள். ஒரேயொருத்தன்தான் என்றாள். சண்டை முடிய அவனைப் பட்டாளத்திலிருந்து விட்டுவிட்டார்கள், இப்போது தெமட்டகொடை ரயில் பட்டறையில் வேலை செய்கிறான்.

திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன், கேற்றில் எத்தனையோ பேர் நின்றிருப்பார்களே, அன்று நின்றது இவன்தான் என்று எப்படித் தெரியும் என்று. தெரியாது என்றார். "ஆனா இவன் ஆரெண்டு சொல்லுவான்."

தெமட்டகொடைப் பட்டறையில் பின்னேரம் சங்கு ஊதியதும் எண்ணெயும் கரியுமாய் ஆட்கள் வெளியே வந்தார்கள். அக்கா வாசலில் நடுவாக நின்று, வருகிறவர்களை மறித்து மறித்துக் கேட்டார். எனக்குக் கூச்சத்தில் காது சுட்டது. கட்டையான, தாழ்ந்த குரலுள்ள ஒரு சிங்களவர் நின்றார். நான்தான் அந்தக் கேற்றில் நின்றவன் என்றார். தமிழ் அவருக்கு ஓரளவு வந்தது. அக்கா தன்னை யாரென்று சொன்னதும் தொப்பியைக் கழற்றினார்.

அன்று நின்றதும் அவரேதான். நடந்ததை நடந்தபடி சொன்னார். மழை. பொழுதுபட்ட நேரம். லொறி கேற்றுக்கு வந்தது. பாஸ் எங்கே என்று அவர் கேட்டார். பாஸ் எழுத நேரமில்லை, கப்டன் ஐயா சொல்லித்தான் போறன் என்று டிரைவர் சொன்னார். சொன்னது காணாது என்று இவர் திறக்காமல் நின்றார். அப்போது கப்டனே கந்தோர் வாசலுக்கு ஓடிவந்து, திற என்று கை காட்டினார். இவர் திறந்தார். விபத்துக்கு மறுநாள் இதை மேலாளிடம் சொல்லப் போனபோது, மழையில் நீ சரியாய்க் கண்டிருக்க மாட்டாய் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"கண்டனீரோ, இல்லையோ?" என்று அக்கா கேட்டார்.

"கண்டனான்" என்றார் அவர்.

சபையில் வந்து சொல்வீரோ என்று கேட்டதற்கு, அன்றைக்கே சொல்லப் போனவன் இன்றைக்குச் சொல்லமாட்டேனோ என்றார். கப்டனின் பெயரையும் அவரே சொன்னார். கொழும்பில் பேர்போன ஒரு தமிழ்க் குடும்பம். என் கணவர் விசாரித்து வந்து வீட்டைச் சொன்னபோது என்னால் நம்பமுடியவில்லை. பாமன்கடைப் பக்கம், எங்கள் ஒழுங்கையிலிருந்து நடந்து போகிற தூரம். அவர் வீட்டு மதிலைத் தாண்டித்தான் அக்கா அரிசி இடிக்கக் கொடுக்கப் போய் வந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். பெரிய போர்ட்டிக்கோ, ஒரு கார், குரோட்டன்கள். கப்டன் இப்போது கப்டன் இல்லை. ஒரு வெள்ளைக்காரக் கொம்பனியில் பெரிய உத்தியோகம். இளம் ஆள், நல்ல முகம். எங்களை விறாந்தையில் இருக்கச் சொன்னார். அக்கா தன் கணவரின் பெயரைச் சொன்னதும் அவருடைய கை சிகரெட் பெட்டியின் மேல் அப்படியே நின்றது. பிறகு, அது பட்டாளத்தில் விசாரித்து முடிந்த விஷயம், எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை, ஏதாவது உதவி வேண்டுமென்றால் செய்கிறேன் என்றார்.

"உதவி வேண்டாம் ஐயா. ஒரு கேள்வி. என்ர மனிசன் லொறியை உங்களைக் கேட்டோ எடுத்தவர், கேக்காமலோ?"

எந்த நாள் என்றே ஞாபகமில்லை என்று அவர் சொன்னார். உள்ளிருந்து அவருடைய மனைவி தேத்தண்ணித் தட்டோடு வந்துகொண்டிருந்தார். பின்னால் மூன்று வயதளவில் ஒரு பெண்பிள்ளை அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தது.

"சூரன்போர் அண்டைக்கு ஐயா. நல்ல மழை. பொழுதுபட்ட நேரம்."

அந்தப் பெண் தட்டை மேசையில் வைக்காமல் நின்றார். கணவரைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். அன்றைக்கு நுகேகொடைக்குப் போய் மருத்துவத் தாதியைக் கூட்டிவந்த டிரைவரையா இவர்கள் சொல்கிறார்கள்? அவருக்கு மாற்றமாகிவிட்டதென்றல்லவா நீங்கள் சொன்னீர்கள்? அவர் மனைவிக்குக் கொடுக்கவென்று நான் சேலை எடுத்துவைத்தேனே?

கப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து தட்டை வாங்கி வைத்தேன். அந்த அம்மாவிடம் ஆங்கிலத்திலேயே மிச்சத்தையும் கேட்டேன். அக்காவுக்கு ஆங்கிலம் விளங்காது. என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். முகாமுக்குப் பக்கத்து பங்களாவில் இந்த அம்மாவுக்குப் பிள்ளை பிறக்கிற வலி வந்திருக்கிறது. நுகேகொடையிலிருந்து தாதியைக் கூட்டிவரச் சொல்லிக் கப்டன் உங்கள் கணவரை அனுப்பியிருக்கிறார். அவர் கூட்டிவந்து பங்களாவில் விட்டிருக்கிறார். லொறி புரண்டது அதற்குப் பிறகு, முகாமுக்குத் திரும்புகிற வழியில்.

அக்கா பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தாயின் சேலைக்குள் முகத்தை ஒளித்து, ஒரு கண்ணால் இவரைப் பார்த்தது.

"பிள்ளை சுகமாய் இருக்கிறாவோ?" என்று தாயிடம் கேட்டார்.

அந்தப் பெண் தலையாட்டினார்.

"அப்ப என்ர மனிசன் வேலையை முடிச்சுப்போட்டுத்தான் போயிருக்கிறார்."

பிறகு கப்டனின் பக்கம் திரும்பி, சபை கூடுகிற நாளையும் இடத்தையும் சொன்னார். அங்கே வந்து இதைச் சொல்ல வேண்டுமென்று கேட்டார். கப்டன் அப்போதுதான் வாயைத் திறந்தார். பட்டாள லொறியைச் சொந்தத் தேவைக்கு அனுப்பினேன் என்று நான் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா, எனக்கு ஒரு பெரிய நியமனம் வர இருக்கிறது, எல்லாம் போய்விடும் என்றார். குரல் கெஞ்சுகிற மாதிரித்தான் இருந்தது. அக்கா எழுந்தார்.

"நான் கேட்டிட்டன் ஐயா. இனி நீங்கள் யோசியுங்கோ."

அவ்வளவுதான். அன்று பின்னேரம் கிளாக்கர்மாருக்கு இடியப்பம் போகவில்லை. எங்களோடு அவர் இருந்த காலம் முழுவதிலும் அடுப்பு மூட்டாத ஒரே நாள் அதுதான். மறுநாள் விடிய, மெல்லிய சுவருக்கு அப்பால் உரல் சத்தம் வழக்கம்போலக் கேட்டது.

சபையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் வயதான ஒரு வெள்ளைக்கார அதிகாரி. தெமட்டகொடைக்காரர் தோய்த்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு முதலே வந்து காத்திருந்தார். கண்டதைக் கண்டபடி திரும்பவும் சொன்னார். நடுவிலிருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் கை காட்டியதை மழையில் பார்த்தேன் என்ற பேச்சை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரியின் மேல் பழி போட முடியாது, அந்த அதிகாரி சொல்லவேண்டும் என்றார். கப்டன் வந்திருக்கவில்லை. நான் எழுந்து வாசலைப் பார்த்தேன். அக்கா மட்டும் அமைதியாக, கொஞ்சம் பொறுக்க முடியுமோ ஐயா, மழை பெய்யுது, ஆட்கள் சுணங்குவினம் என்றார். துரைமார் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, அடுத்த ஆளின் விஷயத்தை எடுத்தார்கள்.

அந்த ஆளின் விஷயம் முடிகிற நேரம், படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. கப்டன் தனியாகத்தான் மேலே வந்தார். யன்னலால் பார்த்தேன். கீழே காருக்குள் அவர் மனைவி இருந்தார். நீர் உத்தரவு கொடுத்தீரா என்று நடுவிலிருந்தவர் கேட்டார். கொடுத்தேன் என்றார் கப்டன். ஏன் அப்போதே சொல்லவில்லை என்றதற்கு, பயந்தேன் என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. போகும்போது அக்காவின் முன்னால் நின்று எதையோ சொல்லப் பார்த்தார். அக்கா முந்திக்கொண்டு, அம்மாவை மழைக்குள்ளை வைச்சிருக்காதேங்கோ, போங்கோ என்றார். அந்த நியமனம் அவருக்குக் கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். வந்து சொன்னாரே, அந்த மனிதரை என்னால் வெறுக்க முடியவில்லை.

பென்சன் கொடுக்கத் தீர்ப்பானது. எங்கள் வீட்டில் பாயாசம் காய்ச்சினோம். ஆனால் கையெழுத்து வைக்கப் போன அன்று அக்கா என்னிடம் கடுதாசி முழுவதையும் வாசிக்கச் சொன்னார். பென்சன் தருகிற உத்தரவு கீழே இருந்தது. மேலே, இறந்தவரின் விவரத்தில், அனுமதியில்லாமல் லொறியைக் கொண்டுபோனவர் என்ற பழைய வரி அப்படியே இருந்தது. முதல் அறிக்கையில் இருப்பதை மாற்ற வழியில்லை, அதனால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை என்று அங்கிருந்தவர் விளக்கினார்.

அக்கா பேனையைத் திருப்பிக் கொடுத்தார்.

"பென்சனும் தாறியள், கள்ளன் எண்டும் வைச்சிருக்கிறியள். இரண்டும் ஒண்டாய் எப்பிடி?"

என் கணவருக்கு அன்றைக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கைக்கு வந்ததை விடுகிறாவே, யார் அந்தக் கடுதாசியை எடுத்து வாசிக்கப் போகிறார்கள் என்று வீடெல்லாம் நடந்தார். அக்கா மாதக்கணக்கில் மறுபடி கோட்டைக்குப் போய் வந்தார். அரிசி கிடையாத நாட்களில் கோதம்ப மாவில் இடியப்பம் பிழிந்தார். கிளாக்கர்மார் முணுமுணுத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். கடைசியில் புதுக் கடுதாசி வந்தது. மேலதிகாரியின் கட்டளைப்படி லொறியைச் செலுத்திச் சென்று திரும்பும்போது இறந்தவர். நான் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கையெழுத்து வைத்தார். அன்று வீட்டுக்கு வந்து, முகம் கழுவப் போனவர் கிணற்றடியில் நெடுநேரம் நின்றார். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

தெமட்டகொடைக்காரர் அதற்குப் பிறகும் இடைக்கிடை வந்து போவார். வரும்போது ஒரு பலாக்காய், ஒரு கட்டு கீரை. விறாந்தைக்கு மேலே வரமாட்டார். அக்கா தேத்தண்ணி கொடுப்பார். அவர் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். மனைவி காய்ச்சலில் போய்ப் பல வருஷமென்று அக்கா கேட்டு அறிந்து வைத்திருந்தார். ஒரு நாள் நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அக்கா சாதாரணமாகச் சொன்னார்.

"தங்கச்சி, அந்த மனிசனை நேற்றுக் கேட்டிட்டன்."

என்னத்தை அக்கா என்றேன்.

"என்னைக் கட்டுறீரோ எண்டு."

துருவலையின் அலகு என் விரலைக் கிழித்தது. அவர் என்ன சொன்னவர் என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டார். யோசிக்கட்டும். உடனை ஓம் எண்டிருந்தா எனக்கும் யோசனையாய்ப் போயிருக்கும்."

அவர் யோசித்து ஓம் சொன்னார். ஊரிலிருந்து அக்காவின் தமையன் வந்தார். அக்காவின் கணவர் செத்தபோது வராதவர். வேறு சாதி, வேறு மொழி, பட்டறைக் கூலி என்று விறாந்தையில் நின்று சத்தம் போட்டார். எல்லாம் கேட்டுவிட்டு அக்கா, நான் இஞ்சை தனிய இருந்த இவ்வளவு காலமும் என்ன சாப்பிட்டன் எண்டு ஒரு நாளாவது கேட்டனீங்களோ அண்ணை என்றார். அவர் அன்றைய பின்னேர ரயிலிலேயே திரும்பிவிட்டார். ஒழுங்கையில் சிலர் இடியப்பம் வாங்குவதை நிறுத்தினார்கள். பெண் பார்க்கிற அன்று கோபித்த பக்கத்து வீட்டம்மா மட்டும், யாரும் எதிர்பாராமல், ஒரு புதுச் சேலை கொண்டுவந்து கொடுத்தார்.

கலியாண எழுத்துப் பதிந்த மறுகிழமை அக்கா என்னைக் கோட்டைக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக்காரர் மூட்டை கட்டுகிற காலம் அது. கந்தோர்களில் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. பென்சன் மேசையில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருந்தார். அக்காவை நன்றாகத் தெரிந்தவர். மறுபடி கலியாணம் முடித்ததைச் சொல்ல வந்திருக்கிறார் என்று கேட்டதும் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். கட்டினால் பென்சன் நிற்கும்தான். ஆனால் நீங்கள் சொன்னால்தானே தெரியும். இந்த நேரத்தில் யார் தேடப்போகிறார்கள்? எவ்வளவு பாடுபட்டு எடுத்தது, பேசாமல் எடுத்துக்கொண்டிருங்கள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அக்கா பென்சன் புத்தகத்தை மேசையில் வைத்து, விரலால் அவர் பக்கம் தள்ளினார்.

"ஐயா, இது அவற்ர பேரிலை வாற காசு. நான் பொய் சொல்லி எடுத்தா, கேக்காமல் எடுத்த குடும்பம் எண்டு முதல் எழுதினது சரியாய்ப் போயிடும்."

அந்த ஐயா புத்தகத்தை எடுத்து, அதில் எழுதவேண்டியதை எழுதினார்.

வெளியே நல்ல வெயில். எதிர்ப்பக்கத்துக் கட்டட நிழலில் தெமட்டகொடைக்காரர் அக்காவின் குடையை வைத்துக்கொண்டு நின்றார். இராவேலை முடிந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அக்கா என் கையை ஒருமுறை பிடித்து அமர்த்திவிட்டு, வாகனங்களுக்கு நடுவே தெருவைக் கடந்து அவரிடம் போனார். டிராம் வந்தது. இரண்டு பேரும் ஏறினார்கள். நான் வெள்ளவத்தை பஸ்ஸுக்காகத் திரும்பும்போது பார்த்தேன்: அகலமாய்க் காலைப் பரப்பி இருந்த ஒரு கோட்டுப் போட்ட மனிதரிடம் அக்கா குனிந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்து இடம் விட்டார். அக்கா தான் இருக்காமல், முதலில் தன் புருஷனை இருக்கச் சொன்னார்.